அண்ணனின் கதவில்லாத வண்டி

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்தச் சமயத்தில் ஒரு நினைவு மலர் அச்சிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எழுதுகிற வேலை தங்கையான என்னிடம் வந்தது. அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "காரைப் பத்தியே எழுதி வச்சுடாதம்மா. உங்க அண்ணனைப் பத்தியும் ரெண்டு வரி எழுது." எழுத உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்கு வரவில்லை. அப்பாவும் உறவினர்களும் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மண்ணச்சநல்லூரில், எங்கள் அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில். அவர் பிறந்த வேளையில் ஆலை என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். குழந்தை அழுததா இல்லையா என்றே யாருக்கும் கேட்கவில்லையாம். பள்ளியில் படித்தபோது அவருக்கு மூட்டுக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகிற போக்கில் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது. அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் அதிகம் கேட்ட சொல் "உட்காரு" என்பதுதான். ஓடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. கல்லூரிக்கும் அனுப்பவில்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் தாய்மாமா வீட்டுக்குப் போவதானாலும் அவரை நடுவில் உட்கார வைத்து இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் காவலுக்கு உட்காருவோம்.

இதற்காக அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபத்துக்குப் பதிலாகக் கேள்வி கேட்பார். "பாப்பா, நெல்லு வெந்தா ஏன் வாயைப் பொளக்குது?" "கொள்ளிடம் காஞ்சு கிடக்கறப்பவும் பாலத்துத் தூணு அடியில ஏன் ஈரமா இருக்கு?" திருச்சியில் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அவருடைய முகம் மலர்ந்துவிடும். "தெரியாதா? நல்லதாப் போச்சு. நாமளே பாத்துடலாம்" என்பார்.

அந்தக் கார் எங்களிடம் வந்தது தற்செயல். சீமைக்கே குடிபோய்விட்ட ஒரு துரையின் கிடங்கைத் திருச்சியில் காலி செய்துகொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த பழைய ஆயில் என்ஜின் ஒன்றை வாங்க அப்பா போனார். கோணிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்த இந்த வண்டியையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள். என்ஜினைக் கழற்றித் தண்ணீர் பம்புக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றதைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்பது அப்பாவின் கணக்கு. லாரியிலிருந்து அதை இறக்கியபோது, களத்தில் காயும் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"சின்ன மொதலாளி, கதவே காணோமே! வர்ற வழியில விழுந்துடுச்சா?"

"கதவே கெடையாதுக்கா. பக்கத்துல கால் வச்சுத் தாண்டி உள்ள குதிக்கணும்."

"அப்ப இது காரு இல்லீங்க. தொட்டி."

உண்மையிலேயே விசித்திரமான தொட்டிதான். இரண்டே இருக்கை. முன்மூடியைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருந்தது. பிரேக் கம்பியில் மேலிருந்து கீழ்வரை வட்ட வட்டமாகத் துளைகள். அண்ணனைப் பிடித்து இழுத்தது அந்தத் துளைகள்தான். "நல்ல இரும்புல ஏன் பாப்பா ஓட்டை போடுறான்?" கம்பியைக் கழற்றி ஆலைத் தராசில் ஒரு தட்டில் வைத்தார். அதே நீளத்துக்கு, அதே பருமனுக்குத் துளையில்லாத ஒரு முழுக் கம்பியைத் தேடி மறு தட்டில் வைத்தார். முழுக் கம்பி தட்டைக் கீழே இழுத்தது.

"எடையைக் குறைச்சிருக்கான். ஒரு கம்பியில இத்தனூண்டு குறைக்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கான்னா, இது ஊர் சுத்துற வண்டி இல்ல. ஓடுறதுக்குன்னே செஞ்ச வண்டி."

அன்று மாலையே வண்டியின் பச்சைப் பெயின்டை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்க ஆரம்பித்தோம். அடியில் ஒரு நீலம், அதற்கும் அடியில் ஒரு வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் கறுப்பு ஏழு. பந்தய எண்! அப்பா வந்து குனிந்து அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பம்புக்கு வேற என்ஜின் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் அப்பா ஒரு சொல்லில் எவ்வளவு பெரிய விஷயத்தைக் கொடுத்துவிடக் கூடியவர் என்பது இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடப்பேன். கார்புரேட்டர் போன்ற சின்னச் சாமான்களை அவர் மடியில் வைத்துக் கழுவுவார். கனமானது எல்லாம் அரியமங்கலத்துப் பட்டறைக்குப் போய் வரும். என்ஜினின் அடிப்பக்கத்தைத் திறந்து பழைய எண்ணெயை வடித்தபோது தேன் நிறத்தில் பிசுபிசு என்று ஒன்று வந்தது. அந்தப் பக்கமாகப் போன அம்மா மூக்கைச் சுளித்தார்.

"என்னடா இது, விளக்கெண்ணெய் நாத்தம்?"

முகர்ந்து பார்த்தோம். பள்ளி விடுமுறை விட்டதும் வெறும் வயிற்றில் அதைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வாசனையை மூக்குக்கு முன்னால் வயிறு கண்டுபிடித்துவிடும். விளக்கெண்ணெயேதான். அண்ணனுக்கு ரொம்ப இரக்கமாகப் போய்விட்டது. "பாவம், யுத்த காலத்துல என்ஜின் ஆயில் கெடைக்காம எவனோ இதை ஊத்தி ஓட்டியிருக்கான். நம்ம கிட்ட வந்தப்புறமாவது நல்ல சாப்பாடு சாப்பிடட்டும்." உள்ளே ஒரு தடவை கழுவிவிட்டு, ஆலை என்ஜினுக்கு வைத்திருந்த முதல் தர ஆயிலை வயிறு நிறைய ஊற்றினோம். ஆலைக்காரர்கள் வேறு என்ன செய்வோம்?

வண்டி களத்தைச் சுற்றி ஓடியது. ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வேலையை டாக்டர் சொல்படி எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னார். அப்போதுதான் அண்ணன் அதைச் சொன்னார். அவர் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"பொறந்ததுலேருந்து என்னை யாராச்சும் கூட்டிட்டே போறீங்கம்மா. ஒரே ஒரு நாள் நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். உன் தம்பி வீட்டு வரைக்கும்."

அம்மா மறுக்கவில்லை. முதலில் நாங்கள் இருவரும் மாமா வீடு வரை போய்த் திரும்பிப் பார்ப்பது, எல்லாம் சரியாக இருந்தால் அம்மாவை ஏற்றுவது என்று முடிவாயிற்று.

டோல்கேட் வரை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போனது. கொள்ளிடம் பாலத்தின் நடுவில் பாட்டு நின்று அழுகை வந்தது. பிறகு ஒரு 'கடக்'. அத்தோடு சரி. பின்னால் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

"என்ன தம்பி, ரேஸு வண்டிங்களா? நம்ம மயிலைக் காளையைப் பூட்டட்டுமா?"

"பூட்டினா அதுவும் நின்னுடும்யா. வண்டியைப் பாத்தாலே தெரியல?"

அவர்களோடு சேர்ந்து அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாண்டிக் குதித்து இறங்கி, நான் சுற்றி வருவதற்குள் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச தூரம்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. கேலி பேசிய அதே வண்டிக்காரர்கள்தான் மூட்டைகளை இறக்கிப் பாலத்தின் மேலேயே போட்டுவிட்டு, வைக்கோல் பரப்பி அவரைப் படுக்க வைத்து ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

மார்கழி முழுவதும் அண்ணன் படுக்கையில் இருந்தார். வண்டியை ஆலை லாரியில் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டிருந்தார்கள். அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "அந்தத் தொட்டி இந்த வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது." பழைய இரும்புக்காரருக்கு அப்பா ஆள் அனுப்பினார். அண்ணன் தடுக்கவில்லை. கட்டிலில் படுத்தபடி மெதுவாகக் கேட்டார்: "வண்டி போனாப் போகட்டும்மா. அது ஏன் நின்னுச்சுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு அனுப்பலாமே?"

நோயாளி கேட்பதை எப்படி மறுப்பது? இரும்புக்காரரைப் பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள். நான் என்ஜினைத் திறந்தேன். ஆயில் போகும் துளைகளை எல்லாம் அரக்கு மாதிரி ஒரு பிசின் அடைத்திருந்தது. எண்ணெய் எட்டாத பேரிங் சூடேறி உருகியிருந்தது. பிசினைத் தட்டில் வைத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

"மூக்குல வச்சுப் பாரும்மா. உன் மூக்குதான் கெட்டி."

"அதே விளக்கெண்ணெய்தான்டா."

"நாங்க கழுவிட்டோமே?"

"எண்ணெய்ச் சட்டியைக் கழுவியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு கழுவுல போற பொருளா அது?"

அன்று எங்கள் வீட்டுச் சமையலறை கல்லூரிச் சோதனைச்சாலை ஆனது. ஒரு கண்ணாடிப் புட்டியில் விளக்கெண்ணெயும் ஆலை ஆயிலும் ஊற்றிக் குலுக்கினேன். வைத்த சற்று நேரத்தில் இரண்டும் மேலும் கீழுமாகப் பிரிந்து நின்றன. "சேர மாட்டேங்குதுகளே!" என்றார் அம்மா. இரண்டையும் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காய்ச்சியதும் ஓரத்தில் அரக்கு கட்ட ஆரம்பித்தது. பிறகு அண்ணன் சொன்னபடி தோசைக்கல்லைப் பழுக்கக் காய்ச்சி இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். ஆலை ஆயில் தண்ணீராக நீர்த்து ஓடிவிட்டது. விளக்கெண்ணெய் விட்ட இடத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கட்டிலிலிருந்தே சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தலையணையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "பாப்பா! அவன் வழியில்லாம ஊத்தல. தெரிஞ்சேதான் ஊத்தியிருக்கான்! பந்தயத்துல என்ஜின் இப்படித்தான் காயும். அப்ப விட்டுட்டு ஓடாத எண்ணெய் வேணும். எவ்வளவு யோசிச்சிருக்கான் பாரு. நாமதான் அவனைப் பாத்துப் பாவப்பட்டோம்."

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் அம்மா. தோசைக்கல் கெட்டுப்போன வருத்தம் அவர் முகத்தில் இல்லை. பிறகு அவரே கேட்டார்: "அப்ப, சரியான எண்ணெயை ஊத்தினா நிக்காம ஓடுமாடா?"

இரும்புக்காரர் வந்து காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பிசினைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டியிருந்தது. மதுவிலக்கு நாட்டில் அதை எங்கே போய்க் கேட்பது? ஸ்ரீரங்கத்து மாமா கம்பவுண்டர். டாக்டரிடம் அனுமதி கேட்டு ஒரு புட்டி வாங்கி வந்தவர், அதைக் கொடுப்பதற்கு முன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சத்தியமா யாரும் குடிக்க மாட்டீங்கல்ல?"

"என்ஜின்தான் குடிக்கும் மாமா."

விளக்கெண்ணெய் வாங்கும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். டின் கணக்கில் கேட்டதும் எண்ணெய்க் கடைச் செட்டியார் பதறிப்போய், "என்னங்க ஆச்சி, வீட்டுல எல்லாருக்குமா?" என்று விசாரித்திருக்கிறார். பேரிங்கைப் புதிதாக வார்த்து, துளைகளை ஊதி ஊதிச் சுத்தம் செய்து, மாசி மாதம் ஒரு காலையில் வண்டி தயாராக நின்றது. டாக்டர் வந்து அண்ணனின் நாடியைப் பார்த்தார். வண்டியையும் சுற்றிப் பார்த்தார். "ஓட்டலாம். ஆனா வண்டியை விட்டு இறங்கித் தள்ளக் கூடாது" என்றார்.

"வழியில நின்னுட்டா?" என்று கேட்டார் அம்மா.

"நான் எறங்கவே மாட்டேன், சத்தியம். நீ தள்ளு."

அம்மா முந்தானையைத் தலையோடு இறுக்கிக்கொண்டு, கதவில்லாத வண்டியில் எங்கள் எல்லோருடைய தோளையும் பிடித்து ஏறினார். களத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஹேண்டிலைச் சுற்றினேன். ஆலை லாரியில் கயிற்றையும், காலையிலேயே வந்துவிட்ட மாமாவையும் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

பாலத்தில், சென்ற முறை நின்ற அந்த இடம் வந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாராம். இடம் கடந்தது. அம்மா கண்ணைத் திறந்து, முன்னால் காலியாகக் கிடந்த பாலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இவ்வளவு வேகம்தான் போகுமாடா?"

பின்னால் வந்த எங்களுக்கு அது கேட்கவில்லை. திடீரென்று சத்தம் மாறியதும் வண்டி தூரத்தில் சிறுத்துப்போனதும்தான் தெரியும். விளக்கெண்ணெய்ப் புகை மட்டும் பாலம் முழுக்க நின்றது. லாரி ஸ்ரீரங்கத்தில் மாமா வீடு இருக்கும் மொட்டைக் கோபுரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அம்மாவுக்கு இறங்கத் தெரியவில்லை. அண்ணன் இந்தப் பக்கம் வந்து நின்று, இரு கைகளையும் நீட்டி, "மெதுவா, மெதுவா. என்னைப் புடிச்சுக்க" என்று சொல்லி அவரை இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் இறங்கியதை நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

அதன் பிறகு உடம்பு இடம் கொடுத்தபோதெல்லாம் ஓட்டினார். சென்ற ஆண்டு படுக்கையில் விழுந்த பிறகும் கேள்விகள் குறையவில்லை. கடைசி வாரத்தில் ஒருநாள் என்னை அருகில் கூப்பிட்டார். "அந்த ஏழாம் நம்பர் ஜெயிச்சுதா பாப்பா?" பல இடங்களில் விசாரித்திருந்தேன். சொல்லத் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. "தெரியாதுண்ணே" என்றேன். "தெரியாதா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து என்ன சொல்ல வந்தார் என்று உங்களுக்குத் தெரியும். இருமல் வந்து தடுத்துவிட்டது.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், ஊசி மருந்தோடு ஆறுதலும் கொண்டுவந்த மாமாவுக்கும், வேலை நேரத்தில் சத்தம் போடாமல் நெல் துழாவிய களத்துப் பெண்களுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்தவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பாலத்தின் மேல் தங்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்த வண்டிக்காரர்களில் யாராவது கைக்கு இந்த மலர் போய்ச் சேர்ந்தால், ஒரு தடவை ஆலைக்கு வந்து போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

இந்த மலர்க்கட்டுகளைத் திருச்சி அச்சகத்திலிருந்து அந்த வண்டியில்தான் எடுத்து வருவதாக இருக்கிறோம். ஓட்டப் போவது நான். கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் வருவார். பாலம் வந்ததும் அதே கேள்வியைக் கேட்பார் என்றும் எதிர்பார்க்கிறேன். உங்கள் கையில் இருக்கும் பிரதியில் விளக்கெண்ணெய் வாசனை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். வண்டி நிற்காமல் ஓடி வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.