குரைக்காத நாய் கேட்டு வந்தவர்

"ஏனுங்க பாய், குரைக்காத நாய் ஒண்ணு இருந்தாக் குடுங்க."

காலை ஓ.பி. முடிந்து ஊசி டிரேயைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நிற்கிறார். ஐம்பது வயசு இருக்கும். நனைந்த ஸ்வெட்டர். கையில் கட்டி வைத்த உரச்சாக்கு ஒன்று.

நான் ஏற்காட்டில் மாட்டாஸ்பத்திரி அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். பேர்தான் மாட்டாஸ்பத்திரி. என் சர்வீஸின் கடைசி வருஷங்களில் மாட்டைவிட நாயைத்தான் அதிகம் பார்த்தேன். கீழே இருந்து காரில் வருகிறவர்கள், ஆசைக்கு வாங்கி அலுத்துப் போன சடை நாய், குட்டை நாய்களையெல்லாம் கொண்டை ஊசி வளைவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். யாராவது பாவம் பார்த்துத் தூக்கி வந்து எங்களிடம் போடுவார்கள். பின்பக்கத் தீவன ஷெட்டில் டாக்டரம்மா அதுகளுக்கு இடம் கொடுத்தார். நல்ல கையாகப் பார்த்துச் சேர்க்கிற வேலை என்னுடையது. அதற்கு ஆர்டர் எதுவும் கிடையாது, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

வீட்டில் இதற்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. சாயங்காலம் போனால் என் சம்சாரம் வாசலிலேயே வெந்நீர் வாளியும் மாற்று லுங்கியும் வைத்திருப்பாள். குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். "நாய்க்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்று கேலி வேறு.

அவள் கேலியில் தப்பில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுப்பதுபோலத்தான் விசாரிப்பேன். நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். ஈறு சிவப்பாக இருக்கிறதா, காதுக்குள் நாற்றம் அடிக்கிறதா, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா, கூப்பிட்டால் வாலாட்டுகிறதா, இதெல்லாம் ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். கேட்டு வருகிற ஆளைப் பார்ப்பதுதான் கஷ்டம். "நல்லாப் பாத்துக்குவோமுங்க" என்று சொல்லாத ஆளே கிடையாது. அப்படிச் சொல்லி வாங்கிப்போய் மழையில் காப்பித் தோட்டத்து ஷெட்டில் கட்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் எவரையும் நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குச் சந்தேகப் பாய் என்றே பேர்.

அப்படிப்பட்டவனிடம் வந்து ஒருவர் குரைக்காத நாய் கேட்டால் எப்படி இருக்கும்? வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "நல்லாக் குரைக்குமுங்களா?" என்பதுதான். சத்தம் போடாத நாய் யாருக்கு வேண்டும்? ராத்திரியில் முயலுக்குக் கண்ணி வைக்கிறவனுக்கு வேண்டும். அடுத்தவன் மிளகுக் கொடியில் கை வைக்கிறவனுக்கு வேண்டும். எனக்கு வேறு ஆள் தோன்றவில்லை.

சாக்கில் இருந்தது

பேர் வெள்ளையன், ஊர் செம்மநத்தம், கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு என்றார். ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். போனதும் சாக்கை அவிழ்த்தார். உள்ளே சாணி. நம் மாட்டுச் சாணி இல்லை, காட்டுமாட்டுச் சாணி. கொம்பும் உடம்புமாகச் சின்ன லாரி மாதிரி எஸ்டேட்டுக்குள் நடமாடுகிறதே, அதனுடையது. அதை ஒரு குச்சியில் எடுத்து ஒவ்வொரு நாயின் மூக்குக்கு முன்னாலும் நீட்டினார்.

ஷெட்டே கிடுகிடுத்துப் போய்விட்டது. சடை நாய் ரெண்டும் முடியைச் சிலிர்த்துக்கொண்டு குரைத்த குரைப்பில் டாக்டரம்மா வெளியே எட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் குரைக்கவில்லை. குட்டைக் காலும் நீள உடம்பும் தொங்கு காதுமாக, எந்த ஜாதியும் எந்த ஜாதியும் கலந்ததோ தெரியாத ஒரு செவலைப் பொட்டை. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். சாணியை மோந்தது, தலையைத் திருப்பிக்கொண்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தது.

"இதைக் குடுங்க பாய்," என்றார் வெள்ளையன்.

பொட்டை என்றாலே முகம் சுளிக்கிற ஊர் இது. இவர் அதைக் கேட்கக்கூட இல்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது. இதற்கு முன்னால் நாய் வைத்திருந்தீர்களா என்றேன். வைத்திருந்தாராம். அது என்ன ஆயிற்று என்றேன். "இப்ப இல்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சாக்கைச் சுருட்டுவதில் மும்முரமாகிவிட்டார். மடியில் கனமில்லாதவராக இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

டாக்டரம்மா ஊரில் இல்லை, அப்புறம் வாருங்கள் என்றேன். இத்தனைக்கும் டாக்டரம்மா எங்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வெள்ளையன் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வந்தார். டீவார்மிங் பாக்கி, பூச்சி மருந்து கொடுக்கவேண்டும் என்றேன். அதற்கும் அடுத்த வாரம் வந்தார். கருத்தடை ஆபரேஷன் தையல் ஆறவில்லை என்றேன். செம்மநத்தத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சும்மா வந்துவிட முடியாது. ஆனாலும் வந்தார். வரும்போதெல்லாம் அந்தச் செவலைக்கு அவித்த முட்டை ஒன்று கொண்டுவந்து, ஓட்டை உரித்துப் பிட்டுக் கொடுப்பார். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வாங்கித் தின்னும். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

"பாய், எல்லா வியாதிக்கும் இங்க ஊசி இருக்கு, உங்க சந்தேகத்துக்குத்தான் இல்லை. குடுத்து அனுப்புங்க," என்று டாக்டரம்மா சிரித்தார். மேலதிகாரி சொன்ன பிறகு நான் யார் தடுக்க?

கொடுக்கும்போது வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். ராத்திரி வெளியே கட்டக்கூடாது, இந்தக் குளிர் இதற்கு ஆகாது. கோழி எலும்பு, வெங்காயம், சாக்லெட் கூடாது. வெறும் சோறு போதாது, முட்டையோ கறியோ சேர்க்க வேண்டும். முதுகு நீளம், மேலே இருந்து குதிக்க விடக்கூடாது. வெறிநோய் ஊசிக்குப் பூஸ்டர் தவறக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எப்பவும் இப்படியே சத்தம் போடாம இருக்குமுங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைவிடப்பட்ட நாய் புது இடத்தில் வாயைத் திறக்காது. இது நம் வீடு என்று அதற்கு எப்போது படுகிறதோ அப்போது குரைக்கும். அதைத்தான் சொன்னேன். வெள்ளையன் முகம் செத்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. நாயை ஸ்வெட்டருக்குள் விட்டு அணைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஜீப்காரர் சொன்னது

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாய் ஒருநாள் குரைக்கத்தான் போகிறது. குரைத்தால் இந்த ஆள் என்ன செய்வார்?

செம்மநத்தம் பக்கம் ஜீப் ஓட்டுகிற ஒருவர் தன் ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தார். பேச்சுவாக்கில் வெள்ளையனை விசாரித்தேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அவருங்களா? பெரிய நாய் ஒண்ணு வெச்சிருந்தாருங்க, கருப்பன்னு. அடிச்சே கொன்னுட்டாருங்க பாய். ஊரே பாத்துட்டு நின்னுச்சு."

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். பூஸ்டர் ஊசியை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டேன், அது ஒரு சாக்குக்கு. ஒரு மூடு கூடையும் தோல் வாரும் எடுத்துக்கொண்டு அதே ஜீப்பில் ஏறினேன். வழி முழுக்க, உயிரோடு இருக்கவேண்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

வெள்ளையன் வீடு ரோட்டிலிருந்து மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவில். வாசல் படலைத் தொட்டதும் உள்ளே இருந்து ஒரு குரைப்பு. கணீரென்று, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். செவலை வாசலில் நின்று என்னைப் பார்த்துக் குரைக்கிறது. சோறு ஊட்டாத குறையாக வளர்த்த என்னையே யாரோ எவரோ என்று நினைத்துவிட்டது!

சந்தோஷப்படுவதற்குள் வெள்ளையன் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டார். கையில் தடி. அந்த ஊரில் தோட்டத்துக்குப் போகிற எல்லார் கையிலும் இருக்கிற தடிதான். ஆனாலும் நான் ஓடிப்போய் நாய்க்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"இன்னைக்குத்தானுங்க மொதல் மொதலாக் குரைக்குது," என்றார்.

அப்போதுதான் அவர் சம்சாரம் பழனியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார். நான் கேட்காமலேயே எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நாயைத் திருப்பிக் கொண்டுபோக வந்திருக்கிறேன் என்று உடைத்தே சொல்லிவிட்டேன். கருப்பன் விஷயம் தெரியும் என்றும் சொன்னேன். வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாதான் சொன்னார்.

காப்பி பறித்துக்கொண்டிருந்தபோது கருப்பன் ஒரு காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே ஓடியிருக்கிறது. மாடு திரும்பித் துரத்தியிருக்கிறது. நாய் நேராகப் பழனியம்மாவிடம் ஓடி வந்து கால் இடுக்கில் புகுந்துகொண்டது. பின்னாலேயே வந்த மாடு இவரைத் தொடையில் குத்தித் தூக்கிப் போட்டது. சேலம் பெரியாஸ்பத்திரியில் பிழைத்ததே மறுபிறப்பு. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்த வெள்ளையன், வாலாட்டிக்கொண்டு வந்த நாயை அந்த ஆத்திரத்திலேயே அடித்துவிட்டார்.

"அது மேல என்னங்க தப்பு?" என்றார் பழனியம்மா. "பயந்துக்கிட்டு என்கிட்டத்தானுங்க ஓடி வந்துச்சு. வேற எங்க போவும்?"

அதற்குப் பிறகு அவர் புருஷனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. படலைத் தாண்டித் தோட்டத்துக்குள் கால் வைக்கவும் இல்லை. துணைக்கு ஒரு நாய் இருந்தால் எழுந்து நடமாடுவாள், ஆனால் குரைக்காததாக இருக்கவேண்டும் என்று வெள்ளையன் சாக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்.

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என் புத்தி மாறிவிடுமா? இரக்கம் வேறு, நாயின் உயிர் வேறு. கூடையைத் திறந்தேன்.

வெள்ளையனே சொன்னார். "எடுத்துக்கிட்டுப் போயிருங்க பாய். இது குரைக்கறப்ப எனக்கு அந்த மாடு வர்ற மாதிரியே இருக்குதுங்க. காட்டுமாட்டுக்காக மட்டும் நான் குரைக்காத நாயைக் கேக்கலீங்க. என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்லீங்க."

என் சர்வீஸில் ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கூடை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செவலை கூடையைப் பார்த்து இன்னும் உரக்கக் குரைத்தது.

பழனியம்மா குனிந்தார். கால் வலியில் முகம் கோணியது. நாயை அப்படியே அள்ளி, பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதன் மூஞ்சியைத் தன் தோளோடு அணைத்தார். குரைப்பு நின்றுபோனது. அதன் வால் மட்டும் அவர் முதுகில் பட்பட்டென்று அடித்தது.

"கருப்பனைத் தூக்க முடியாதுங்க," என்றார் என்னிடம். "இதைத் தூக்கிக்கலாமுங்க."

நான் எத்தனையோ பேருக்கு நாய் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். அடுக்களை சின்னது, தீனி கம்மி என்று சின்ன நாய்க்குக் காரணம் சொல்லியிருக்கிறேன். இந்தக் காரணம் எனக்குத் தோன்றியதே இல்லை. தோல் வாரை அவரிடம் கொடுத்தேன். தோட்டத்துக்குள் ஒருபோதும் அவிழ்த்து விடாதீர்கள், வாரின் நீளத்துக்கு மேல் முன்னால் ஓட விடாதீர்கள், மாடு கண்ணில் பட்டால் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள் என்றேன். ஊசியையும் அவர் இடுப்பில் இருக்கும்போதே போட்டேன்.

வாரின் ஒரு முனையை நாய்க்கு மாட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்த அம்மா படலைத் திறந்தார். வெளியே ஒரு கால் வைத்துவிட்டு நின்றார். வெள்ளையன் இருந்த இடத்திலேயே நின்றார். கூப்பிடாமல் போக அவருக்குத் துணிச்சல் இல்லை.

பழனியம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "தடியை வெச்சுட்டு வாங்க."

அவர் தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் பின்னால் போனார்.

வெறும் கூடையோடு திரும்பி வந்த என்னை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். எதை நம்பி விட்டுவிட்டு வந்தீர்கள் என்றார். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாய் மேல் கையே வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களிடம் கொடுத்து நான் ஏமாந்திருக்கிறேன் கண்ணு. வெள்ளையனை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. ரிட்டையர் ஆன பிறகும் அந்தப் பக்கம் ஜீப் போனால் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அவரும் தன் கையை இன்னும் நம்பவில்லை. அதனால்தான் நாயை அங்கே விட்டுவிட்டு வந்தேன்.