லிஃப்ட்காரன் மலையேறிய விதம்

“தலைவன்னா முன்னாடி நடக்கணும். இந்த ஜென்மத்துல நான் எவன் முதுகையும் பாத்து நடந்ததில்ல!”

இந்தப் பொன்மொழியை நான் உதிர்த்தது கம்பெனி கேன்டீனில், கையில் டீ கிளாஸுடன். மேனேஜர் எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆக, முதுகைப் பார்த்தவர் அவர்தான்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கும் பொறுப்பு என் தோளில் இருக்கிறது. அந்தத் தோளை மட்டும் நான் எந்தப் படிக்கட்டிலும் ஏற்றிச் சிரமப்படுத்தியதில்லை. ஒரு லிஃப்ட் கெட்டுப்போனால் பக்கத்து லிஃப்டில் மேலே போவேன். பக்கத்தில் லிஃப்ட் இல்லையென்றால் வேறு ஆளை அனுப்புவேன். இதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர்.

அந்தச் சமயம் பார்த்து சீஃப் சூப்பர்வைசர் பதவி காலியானது. போட்டியில் இருவர். ஒருவன் நான். இன்னொருவன் ‘விசில்’. பேச்சுக்கு நடுவே சீட்டியடிக்கிற, என்னைவிடப் பத்து வருடம் சின்னவன். அவன் சீஃப் ஆனால், அவன் சீட்டியடிக்கும்போதெல்லாம் நான் எழுந்து ஓட வேண்டும். இதை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றையும் சாப்பிட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

மேனேஜர் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த சூட்டில் இருந்தார். “ரெண்டு பேரும் ஆளுக்கொரு டீமோட, ஆளுக்கொரு பாதைல மலை ஏறுங்க. எந்த லீடர் முதல்ல உச்சில இருக்கற குடிலுக்கு வர்றாரோ, அவர்தான் சீஃப். டீம் தானா பின்னாடி வரும்” என்றார்.

வீட்டில் சொன்னதும் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ரெண்டாவது மாடி ஏறவே நடுவுல நின்னு செருப்பைச் சரி பண்றீங்க.”

“அது வேற, இது வேற.”

“ஆமா, இது ஷூ.”

என் டீமில் இரண்டு பேர். மெக்கானிக் நெட்டை, லிஃப்டுக்குள் நின்றால் விளக்கை மறைப்பான். அடுத்தவர் ஸ்டோர் அக்கா, முழங்கால் வலிக்குத் தைலம் தடவியபடியே சாமான் எடுத்துக் கொடுப்பவர். அவரை நான் விரும்பிச் சேர்க்கவில்லை. விசில் தேர்ந்தெடுத்ததுபோக மிஞ்சியவர்.

மலைப்பாதை வளைந்து வளைந்து போனது. எனக்கு அது பொறுக்கவில்லை. லிஃப்ட்காரனுக்கு வளைவு புரியாது. கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி, நடுவே நேர்க்கோடு, அவ்வளவுதான். “பாதைய விடுங்க. நேரா ஏறுவோம்” என்று சரிவில் காலை வைத்தேன்.

“அண்ணே, கல்லு உருளுது” என்றான் நெட்டை.

“லீடர் நானா, நீயா?”

லீடர் நான்தான். ஆகவே முதலில் வழுக்கியதும் நான்தான். எழுந்து, புல்லைப் பிடித்து, நாலு காலில் தலைமை தாங்கியபடி ஏறினேன். மூச்சு விசிலடித்தது, போட்டியாளன்தான் வந்துவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை. பனி வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. “போலாம்!” என்று கத்தினேன். இன்னொரு தடவையும் கத்தினேன்.

பொறுப்புணர்ச்சியால் திரும்பி இறங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் தனியாக நிற்கப் பயம். உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். பேன்ட்டின் பின்பக்கம் என் தலைமையைவிட்டுப் பிரிந்தது.

இருவரும் பழைய பாதையோரம் இருந்தார்கள். அக்காவின் முழங்கால் வீங்கியிருந்தது.

“நான் கூப்பிட்டேனே, கேக்கலையா?”

“கேட்டுச்சு தம்பி. நீ போலாம்னே. எங்களால போக முடியலையே” என்றார் அக்கா.

அப்போதுதான் எங்கள் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. பழுது பார்க்கும்போது ஒருவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் இருட்டில் நிற்பான். சுவிட்ச் பக்கத்தில் நான் நிற்பேன். அவன் “போலாம்” என்று குரல் கொடுக்கும்வரை நான் விரலை அசைக்கக்கூடாது. நசுங்கப் போகிறவன்தான் உத்தரவு போடுவான், சூப்பர்வைசர் கீழ்ப்படிவார். இத்தனை வருடமும் நான் அதிகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

“அக்கா, நீங்க முன்னாடி நடங்க. நீங்க நின்னா நாங்க நிப்போம். நீங்க போலாம்னா போவோம்.”

“எனக்காக நிக்காத தம்பி, உன் சீஃப் வேலை போயிடும். நெட்டை என்னைப் பாத்துப்பான், நீ ஓடு.”

“ஓடறதா? அண்ணன் பேன்ட்டைப் பாருங்கக்கா” என்றான் நெட்டை.

அக்கா சிரித்துக்கொண்டே எழுந்தார். அவருடைய பையை நான் மாட்டிக்கொண்டேன். பாதை வளைந்த பக்கமெல்லாம் நாங்களும் வளைந்தோம். பனி கலைந்து, மேலே குடிலின் கூரை தெரிந்தது. அதே நேரம் கீழே, அவன் பாதை எங்கள் பாதையோடு சேரும் இடத்தில், சீட்டிச் சத்தம். விசில் வந்துகொண்டிருந்தான், தனியாக.

“அண்ணே, அஞ்சு நிமிஷம் வேகமா நடந்தா நீங்கதான் முதல்” என்று நெட்டை கிசுகிசுத்தான்.

அக்கா அந்த நேரம் பார்த்து நின்று, இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கினார்.

விசில் எங்களைத் தாண்டும்போது, “என்னண்ணே, லிஃப்டுக்கு வெயிட்டிங்கா?” என்று கேட்டுவிட்டு மேலே போனான்.

நான் அக்காவின் பின்னால் நின்றேன். அவருடைய பச்சை ஸ்வெட்டரின் முதுகில் ஒரு தையல் விட்டிருந்தது. மூச்சுக்கு ஏற்றபடி அது விரிந்து மூடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போலாம் தம்பி” என்றார்.

நடந்தேன்.