மூன்று மொழியிலும் ஒரே சொல்

எங்கள் பிரதேச வைத்தியசாலையின் தரத்தை உயர்த்துவதற்கென்று ஊரில் ஒரு குழு இருக்கிறது. நானும் உறுப்பினன். சுவருக்குப் பச்சை வர்ணம் பூசினோம், வெளிநோயாளர் பிரிவில் புதுக் கதிரைகள் போட்டோம், வாசலில் பூச்சாடிகள் வைத்தோம். டொக்டருக்கோ தமிழ் தெரியாது. வருகிறவர்களில் பலருக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்குப் போதும், நோயைச் சொல்லப் போதாது. இரு மொழியும் தெரிந்த ஓர் ஆளை நியமியுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார்கள். கடைசியில், ஆள் வரும்வரை நானே வந்து உட்காருகிறேன் என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். சிங்களப் பகுதியான குருநாகலில் நெடுங்காலம் படிப்பித்தவன் நான். என் சிங்களத்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

அப்படித்தான் டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் எனக்கொரு கதிரை கிடைத்தது.

கொஞ்ச நாளிலேயே சலிப்புத் தட்டியது. வெளியே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். உள்ளே வருகிறவர் ஒரு வயிற்றுவலியைச் சொல்லக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவார். நான் சுருக்கப் பழகினேன். டொக்டருக்கும் அது வசதியாக இருந்தது.

ஒருநாள் உச்சமுனையிலிருந்து படகேறி ஒரு பெண் வந்தாள். கருவாடு போடுகிறவள். நெஞ்சுக்குள் கல்லை வைத்தது போல் இருக்கிறதாம். கூடையைத் தூக்கினால் வருகிறதாம், இறக்கி வைத்தால் போகிறதாம். இடது கையும் கடுக்கிறதாம். நடுவில் மருமகளைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் சொன்னாள். நான் டொக்டரிடம் திரும்பி, "கெஸ்ட்ரைட்டிஸ்" என்றேன். எங்கள் பக்கத்தில் நெஞ்சைத் தொட்டுப் பேசுகிற எல்லோருக்கும் அந்த வயிற்றெரிச்சல் வருத்தம்தான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அதே சொல். நேரத்துக்குச் சாப்பிடுவாளா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றாள். மாத்திரை எழுதினார்.

அடுத்த கிழமை மாரடைப்பு வந்து அவளைப் புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினாள்.

குழுவில் நடந்ததைச் சொன்னேன். இனிமேல் நோயாளி சொல்வதை முழுதாகப் பெயர்த்துச் சொல்வதையே விதியாக்க வேண்டும் என்றேன். அப்படிச் செய்தால் வரிசை நகராது என்றார்கள். "மருந்து எழுதினது டொக்டர். நீங்க ஏன் மாஸ்டர் தலையக் குடுக்குறீங்க? ஆஸ்பத்திரிட பேருதான் கெடும்" என்றார் தலைவர். பிறகு கழிவறைக் கதவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மீதுதான். ஒவ்வொரு காலையும் டொக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அவள் திரும்பி வந்தாள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னை ஏறிட்டும் பார்க்காமல் டொக்டரிடமே பேசினாள்.

"அண்டைக்கி நான் எவ்வளவு கதைச்சேன். இவரு ஒத்தச் சொல்லுல முடிச்சிட்டாரு. எனக்குச் சிங்களம் தெரியா. ஆனா என்ட வருத்தம் அவ்வளவு கட்டை இல்லண்டு தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதையும் அவருக்குச் செல்லுங்க மாஸ்டர்."

என்ன சொல்கிறாள் என்று டொக்டர் கேட்டார். இப்போது சுகமாம், உங்களுக்கு நன்றி சொல்கிறாளாம் என்று ஒரு வசனம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு அவள் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். 'இவரு' என்று அவள் சொன்ன இடத்தில் 'நான்' என்றேன். அன்றைக்கு நான் விட்ட கல்லையும் கூடையையும் இடது கையையும் சேர்த்துச் சொன்னேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியையும் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றாள்.

வரிசை நீளமாக இருந்தது என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். அதற்குள் வெளியே யாரோ, உள்ளே இவ்வளவு நேரம் என்ன கதை என்று கதவைத் தட்டினார்கள்.