அட்டைக்குஞ்சு

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது என் வேலை. கழுவாமல் விடுவதில் எனக்கு அதைவிடத் திறமை. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், தொட்டிச் சேற்றில் சிவப்பு நூல்போலப் புழுக்கள் நெளிந்தன. குடத்தோடு வந்த பெண்கள் என்னவென்று கேட்டார்கள். சோம்பலை மறைக்க ஒரு தமாஷ் தேவைப்பட்டது.

"அட்டைக்குஞ்சுங்க. பால்குடி மறந்து இப்பதான் ரத்தத்துக்கு அலையுது" என்றேன்.

கொழுந்து மலையில் தினமும் அட்டைக்கடி வாங்குகிறவர்களிடம் சொல்லக்கூடியதா அது? மறுநாள், அட்டைக்காகக் காலில் பூசும் உப்பையும் சவர்க்காரத்தையும் கொண்டுவந்து தொட்டிக்குள்ளேயே கொட்டிவிட்டார்கள். தண்ணீர் நுரைத்தது. லயமே கீழே ஆற்றுக்குக் குடம் தூக்கியது. மேல் லயத்துக் கழிவெல்லாம் கலக்கிற ஆறு. நாலாம் நாள் என் மூன்று வயது மகளுக்கு ரத்தபேதி.

தோட்டத்து மருந்துக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருந்து கொடுத்து, ஆற்றுத் தண்ணீரே கூடாது என்றார். போத்தலில் கொண்டுபோன புழுவைக் காட்டினேன். கடிக்காத ஒரு கொசுச்சாதியின் புழுவாம். பனி உறையும் நாட்டிலும் உண்டாம், கொழும்புச் சாக்கடையிலும் உண்டாம். சேற்றில் காற்றுக் குறைவு. கிடைப்பதைப் பிடித்துவைக்கத்தான் நம் ரத்தத்தைப் போன்ற அந்தச் சிவப்பு.

தொட்டியை மூன்று தடவை தேய்த்துக் கழுவி நிரப்பினேன். ஒரு குடமும் வரவில்லை. அதற்குள் போத்தல் புழுக்கள் இறகு மீசையோடு கொசுவாகியிருந்தன. காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்கள் முன்னால் போத்தல் வாயில் உள்ளங்கையை வைத்து மூடி நின்றேன். ஒன்றும் கடிக்கவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த தமாஷ் என்று நினைத்துவிட்டார்கள்.

வீட்டில் மனைவி ஆற்றுக்குப் போகக் குடத்தை எடுத்தாள். மகள் பாயில் துணியாய்க் கிடந்தாள். தொட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம், மருந்துக்காரர் சொன்னார் என்று கெஞ்சினேன்.

"சிரிக்காம சொல்லுங்க" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. என் முகம் பழக்கத்தில் அப்படி நின்றது. அதை நேராக்கப் பார்த்தேன். வாய் கோணி அழுகை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத முகம். சற்று நேரம் பார்த்தாள். பிறகு குடத்தோடு மேலே தொட்டிக்கு ஏறினாள்.

மகள் எழுந்து உட்கார ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் என்னிடம் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. என் மனைவியிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராகத் தொட்டிக்கு வந்தார்கள்.