காப்புக் கழற்றுவதற்கு முன்

சீனி பார்க்கிற வேலைக்கு ஊரில் பெயர் கிடையாது. ஊசி போடுகிறவர்களைத் தேடிப் போய், சாகாமல் இருப்பதெப்படி என்று பேசுகிற வேலை. கோவில்பட்டியில் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற தொண்டு நிறுவனம் அடையாள அட்டையில் 'பியர் எஜுகேட்டர்', அதாவது தன்னைப் போன்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவன், என்று போட்டுக் கொடுத்திருக்கிறது. அவன் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெட்டுத் திருந்துனதுக்கு ஒரு கார்டாக்கும்" என்றாள்.

அவள் சொன்னதும் பொய்யில்லை. நூற்பாலையில் பஞ்சுப் பொதி சுமந்தவன் சீனி. இடுப்பு விட்டுப்போனபோது யாரோ கொடுத்த வலி மாத்திரை, ஒன்று இரண்டாகி, கடைசியில் கரைத்து நரம்பில் ஏற்றுகிற வரைக்கும் போனது. விட்டு மூன்று வருடம் ஆகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். இன்னும் கண் போகாத நாலு பேர் மிஞ்சினால் போதாதா?

மூடிப்போன தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால், உடைமர நிழலில் உட்கார்ந்து தினமும் அதையேதான் சொல்வான். தனியா போடாதிய. உதடு நீலம் பாரிச்சா, கூப்பிட்டும் முழிக்கலைன்னா, 108க்கு அடிங்க. தண்ணி ஊத்தாதிய, மோர் குடுக்காதிய. குறட்டையைத் தூக்கம்னு நினைச்சிராதிய. அந்தக் கடைசிப் பேச்சு வரும்போது மட்டும் அவன் குரல் இறங்கிவிடும். ஏனென்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

காரணம் தங்கச்சாமி. ஒரே பொதியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிய கூட்டாளி, ஊசியிலும் கூட்டாளி. மூன்று வருடத்துக்கு முன்னால் குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, நாற்பத்தொரு நாள் மாத்திரையைத் தொடாமல் இருந்தான். தசரா முடிந்து, விரதத்துக்குக் கையில் கட்டிய காப்புக் கயிற்றைக் கழற்றிய மறுநாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். விரதத்தில் உடம்பு அந்தப் பழக்கத்தை விட்டிருந்தது. பழைய அளவு இப்போது விஷம் என்று இருவருக்குமே தெரியாது. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. விரதக் களைப்பு, தூங்கட்டும் என்று சீனி போர்த்திவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது குறட்டை நின்றிருந்தது. நெஞ்சுவலி என்று ஊர் சொன்னது. சீனி மறுத்துப் பேசவில்லை.

இந்த வருடம் தங்கச்சாமியின் தம்பி சுடலைக்குமார் மாலை போட்டிருந்தான். அண்ணன் போன பிறகு அவனும் ஊசிக்குப் போனவன்தான். காப்புக் கழற்ற நாலு நாள் இருக்கும்போது, வேஷம் கட்டுகிற தசரா செட்டின் கொட்டகையில் அவனைப் பிடித்தான் சீனி.

"மாலை போட்டிருக்கேன் அண்ணாச்சி. அந்தப் பேச்சே என் காதுல விழக்கூடாது. முத்தாரம்மா எனக்கு அதை விடவச்சிட்டா."

சாமி மாலை போட்டவனிடம் ஊசியைப் பற்றிப் பேசுவது சாபம் கொடுப்பது போலத்தான். சீனி திரும்பிவிட்டான். ஆனால், காப்புக் கழற்றிய பிறகு அந்த வீட்டில் அவன் பக்கத்தில் இருக்கப்போவது யார்? தங்கச்சாமியின் மனைவி வெள்ளைத்தாய். அவளிடம்தான் சொல்ல வேண்டும். குறட்டையைச் சொன்னால் அன்றைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். இரண்டு நாள் அந்தத் தெருவுக்கே போகாமல் சுற்றினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் போனான். கடலைமிட்டாய்க் கம்பெனியிலிருந்து அவள் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள்.

"மதினி, காப்புக் கழத்துன பிறகு சுடலை பழையபடி போட்டான்னா உடம்பு தாங்காது. குறட்டை ஒரு மாதிரியா, கொறகொறன்னு வரும். தூங்கட்டும்னு விட்டுறாதிய."

"அவன் இனிமே தொடமாட்டான்."

"தொடாம இருந்தா எனக்கும் சந்தோசந்தான். தொட்டுட்டான்னா?"

வெள்ளைத்தாய் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். புருஷனைப் பற்றித்தான் கேட்டாள்.

"அவியளும் குறட்டை விட்டாவளா?"

"விட்டான்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன் மதினி. தூங்குதான்னு நினைச்சு போர்த்திவிட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். நெஞ்சுவலி இல்ல."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் எழுந்து பாயை எடுத்து விரித்தாள்.

"அவிய கிடந்த மாதிரி படு."

சீனி மல்லாந்து படுத்தான். படுத்தபடியே சொன்னான். தோளைப் பிடித்து உலுக்கணும். முழிக்கலைன்னா 108. தலையைப் பின்னால சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வச்சு அஞ்சு எண்ணிக்கைக்கு ஒரு மூச்சு ஊதணும். கொழுந்தன்னு கூச்சப்படக்கூடாது. வண்டி வாற வரைக்கும் ஊதணும். தானா மூச்சு வந்துட்டா ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கணும். ஆஸ்பத்திரியில அதுக்கு மாத்து மருந்து இருக்கு.

அவள் அவன் தோளை உலுக்கினாள். முகவாயைத் தூக்கித் தலையைச் சாய்த்தாள். மூக்கைப் பொத்தி, அவன் முகத்துக்கு மேலே காற்றில் ஊதினாள், ஐந்து எண்ணினாள், மறுபடி ஊதினாள். பிறகு அவனை ஒருக்களித்துத் திருப்பி, மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

சீனி சுவரைப் பார்த்தபடி கிடந்தான்.

"இம்புட்டுத்தான் மதினி."