மெட்டில்லாத இசைத்தட்டு

எண்பதுகளில் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருந்தபோது, ஜுருவில் தொழிற்சாலை வேலை போக, கல்யாண விருந்துகளில் சாக்ஸபோன் வாசித்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் கடையில் வாங்கிய ஜாஸ் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டேன். அதில் மெட்டும் இல்லை, தாளமும் இல்லை. நான் வாசிக்கும் அதே வாத்தியத்தில் யாரோ ஒருவர் மனம்போன போக்கில் கதறிக்கொண்டிருந்தார்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். “என்னங்க இது, யாரையோ போட்டு அடிக்கிற மாதிரி இருக்கு! அடைச்சிடுங்கலா.”

நான் நிறுத்தவில்லை. பிறந்த அன்றே இறந்துபோன எங்கள் மகளுக்காக நான் அழாமல் விட்ட அழுகை அது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

பல வாரங்கள் அதுபோல வாசித்துப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு ஒரு கல்யாணத்தில், சினிமாப் பாட்டின் பாதியில் என் விரல்கள் நின்றுவிட்டன.

“என்ன தம்பி, பாட்டு மறந்துபோச்சா?” என்றார் எங்கள் இசைக்குழுத் தலைவர்.

“மறக்கலண்ணே. வாசிக்க முடியல.”

அடுத்த கல்யாணத்துக்கு அவர் வேறு ஆளைக் கூட்டிப்போனார். கதறவும் வராமல், பாட்டு வாசிக்கவும் வராமல், வாத்தியத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மனைவி பார்த்தாள். குனிந்து, அதன்மேல் ஒரு பழைய துணியைப் போர்த்தினாள்.