வாயை மூடாத ரசிகர்

பல் டாக்டரம்மாவுக்குக் கார்ட்டூன் என்றால் உயிர். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே கணவர் எழுந்து போய்விடுவார். அதனால் டாக்டரம்மா, வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகளிடம்தான் பேசுவார்.

அன்று ஒருவருக்குப் பல்லைக் குடைந்துகொண்டே, "அந்தக் குட்டி ரோபோ தொடர்ல மூணாவது சீசன்தான் உசத்தி" என்றார். படுத்திருந்தவர் சட்டென்று கையைத் தூக்கினார். டாக்டரம்மா பதறி மெஷினை நிறுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. ரெண்டாவதுதான் உசத்தி."

மறுபடி மெஷின், மறுபடி கை. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தே நர்ஸுக்குத் தோள்பட்டை கடுத்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க!" என்று கத்திவிட்டார்.

நோயாளி பயந்து வாயை மூடிக்கொண்டார்.

"ஐயோ, நீங்க திறங்க சார்!"

திறந்தார். "மூணாவதுல கதையே இல்லீங்க."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் குழாயைக் கொக்கியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.